ஆழ்கடலின் ஒளிமொழி

கோலா சிலாங்கூருக்கு அருகிலுள்ள கம்போங் குவாந்தானில் இரவு நேரத்தில் மின்மினிகளைக் காணப் படகேறுவோரிடம் ஒரு வேண்டுகோள் முன்வைக்கப்படும். கைவிளக்கை அணைத்துவிட வேண்டும்; மின்னொளி பாய்ச்சிப் படம் எடுக்கக் கூடாது. படகு கரையோர மரங்களை மெல்ல நெருங்கும். கண்கள் இருளுக்குப் பழகப் பழக, இலைகளுக்கிடையே எண்ணற்ற மின்மினிகள் ஒன்றுசேர்ந்து மினுக்குவது புலப்படும். நம்முடைய விளக்கை அணைத்தால்தான் அவற்றின் விளக்கு நமக்குத் தெரியும். இந்த எளிய உண்மையைக் கடலுக்கடியில் கடைப்பிடிக்க அறிவியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

தரையில் ஒளிரும் உயிர்கள் மிகக் குறைவு. மின்மினிகள், சிலவகைப் புழுக்கள், சில காளான்கள் என்று எண்ணத் தொடங்கினால் பட்டியல் விரைவில் முடிந்துவிடும். கடலில் நிலைமை தலைகீழ். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையை அடுத்த மான்டரே வளைகுடாவில் 17 ஆண்டுகளாக எடுக்கப்பட்ட காணொளிகளை அங்குள்ள கடலாய்வு நிலையத்தினர் ஆராய்ந்தனர். நீர்ப்பரப்பு முதல் ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆழம் வரை நீந்தியும் மிதந்தும் வாழும் 350,000-க்கும் மேற்பட்ட உயிர்களை அவர்கள் கணக்கிட்டனர். அவற்றுள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு உயிர்கள் ஒளி உண்டாக்கும் ஆற்றல் பெற்றவை என்பது 2017-இல் வெளியான அவர்களின் முடிவு. அப்படியானால், ஆழ்கடலில் ஒளிர்வது ஓர் அதிசயமன்று. ஒளிராமல் இருப்பதுதான் விதிவிலக்கு.

உயிர்கள் தம் உடலுக்குள் நிகழும் வேதிவினையால் ஒளியை உண்டாக்குவதை ‘உயிரொளிர்வு’ என்கிறோம். அந்த ஒளி எவ்வாறு பிறக்கிறது? அதனால் அவ்வுயிர்களுக்கு என்ன பயன்? எட்டாத ஆழத்தில் நிகழும் ஒன்றை மனிதன் எப்படிக் கண்டறிந்தான்? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஒளி மறையும் இடம்

கடல்நீர் தெளிவாகத் தோன்றினாலும், சூரிய ஒளியை அது வடிகட்டியபடியே இருக்கிறது. வெண்ணிற ஒளியில் அடங்கியுள்ள நிறங்களுள் சிவப்புதான் முதலில் மறைகிறது. சில பத்து மீட்டர் ஆழத்திற்குள்ளேயே அதை நீர் உறிஞ்சிவிடுகிறது. பிறகு ஆரஞ்சும் மஞ்சளும் மங்குகின்றன. நீல நிறமே மிக ஆழமாக ஊடுருவுகிறது.

200 மீட்டர் ஆழத்திற்குக் கீழே, தாவரங்கள் உணவு தயாரிக்கப் போதுமான ஒளி இருப்பதில்லை. அங்கிருந்து 1,000 மீட்டர் வரை உள்ள பகுதி அந்தி நேரத்தைப் போன்ற மங்கலான உலகம். 1,000 மீட்டருக்கும் கீழே சூரியன் என்ற ஒன்றே இல்லை. அங்கே பகலும் கிடையாது, இரவும் கிடையாது.

இந்த ஆழத்தை மனத்தில் நிறுத்திப் பார்க்க ஓர் ஒப்பீடு உதவும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அதைக் கடலுக்குள் முழுமையாக அமிழ்த்தினால், உச்சியிலிருந்து பாதி உயரத்தை எட்டுவதற்கு முன்பே அந்தி உலகம் தொடங்கிவிடும். உலகக் கடல்களின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 3,700 மீட்டர். எட்டுக் கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிறுத்தினாலும் அவற்றின் உச்சி நீருக்கு மேலே தெரியாது. ஆக, உலகிலேயே மிகப் பெரிய வாழிடம் இருள் நிறைந்த வாழிடமே. அந்த இருளில் தெரியும் ஒளியெல்லாம் அங்கு வாழும் உயிர்கள் ஏற்றிய விளக்குகளே.

குளிர்ந்த ஒளி

நெருப்பும் சூரியனும் வெப்பத்தோடு சேர்த்தே ஒளியைத் தருகின்றன. உயிரொளிர்வு அவ்வாறன்று. அதில் வெப்பம் மிகக் குறைவாகவே வெளிப்படுவதால், அதைக் ‘குளிர்ந்த ஒளி’ என்றும் கூறுவர். விலங்கின் உடல் ஒளிர்கிறது என்பதற்காக அது சூடேறி வேகப் போவதில்லை.

இவ்வொளியின் மறைபொருளை முதலில் அவிழ்த்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் ரபேல் துய்புவா. 1887-இல், பாறையைத் துளைத்து வாழும் ஒளிரும் சிப்பி ஒன்றைக் கொண்டு அவர் செய்த சோதனை எளிமையானது, ஆயினும் கூர்மையானது. சிப்பியின் ஒளிரும் திசுவை இரு பங்காக்கினார். ஒரு பங்கைக் குளிர்ந்த நீரில் கரைத்தார். அக்கரைசல் சிறிது நேரம் ஒளிர்ந்து, பின் அணைந்துபோனது. மற்றொரு பங்கைச் சூடான நீரில் இட்டு ஆறவைத்தார். அது ஒளிரவே இல்லை. இப்போது அவரிடம் ஒளி அணைந்த இரு கரைசல்கள் இருந்தன. அவை இரண்டையும் ஒன்றாகக் கலந்தார். மீண்டும் ஒளி பிறந்தது!

இதிலிருந்து துய்புவா ஒரு முடிவுக்கு வந்தார். ஒளி பிறக்க இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று, எரிபொருளைப் போலப் பயன்பட்டுத் தீர்ந்துபோவது, வெப்பத்தைத் தாங்கக்கூடியது. மற்றொன்று, அவ்வினையைத் தூண்டும் நொதியம்; வெப்பத்தால் அழியக்கூடியது. குளிர்நீர்க் கரைசலில் எரிபொருள் தீர்ந்துவிட்டது, நொதியம் எஞ்சியது. சுடுநீர்க் கரைசலில் நொதியம் அழிந்துவிட்டது, எரிபொருள் எஞ்சியது. ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருந்ததால்தான் கலந்தவுடன் ஒளி தோன்றியது. எரிபொருளுக்கு ‘லூசிபெரின்’ என்றும் நொதியத்திற்கு ‘லூசிபெரேஸ்’ என்றும் அவர் பெயரிட்டார். லூசிபெரின் உயிர்வளியுடன் சேரும்போது வெளிப்படும் ஆற்றலே ஒளியாகிறது.

எல்லா உயிர்களும் ஒரே வகை லூசிபெரினைப் பயன்படுத்துவதில்லை. உயிரொளிர்வு என்னும் ஆற்றல் உயிரினங்களின் படிமலர்ச்சியில் 40 முறைக்கும் மேல் தனித்தனியாகத் தோன்றியுள்ளது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சில மீன்கள் தாமாக ஒளி உண்டாக்குவதில்லை. ஒளிரும் பாக்டீரியாக்களைத் தம் உடலிலுள்ள பைகளில் குடியமர்த்தி, உணவூட்டி, அவற்றின் ஒளியைப் பயன்படுத்திக்கொள்கின்றன. வேறு சில உயிர்களோ லூசிபெரினைத் தம் உணவின் வழி பெறுகின்றன. அவற்றுக்கு ஒளி என்பது இரையிலிருந்து கிடைத்த செல்வம்.

ஒரே விளக்கு, பல பயன்கள்

ஆழ்கடல் உயிர்களின் ஒளி பெரும்பாலும் நீல நிறத்தது. காரணம் எளிது. நீல ஒளியே கடல்நீரில் நெடுந்தொலைவு செல்லும். அங்குள்ள பெரும்பாலான உயிர்களின் கண்களும் நீலத்தையே நன்றாகக் காணும். கேட்பவருக்குப் புரியும் மொழியில் பேசுவதுதானே பேச்சு?

இந்த ஒளிமொழியின் முதல் பயன் உணவு தேடுதல். தூண்டில் மீன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆழ்கடலில் வாழும் பெண் தூண்டில் மீனின் தலையிலிருந்து தூண்டிற்கோல் போன்ற ஒரு முள் நீண்டிருக்கும். அதன் நுனியிலுள்ள குமிழில் ஒளிரும் பாக்டீரியாக்கள் வாழும். இரையென்று எண்ணி அவ்வொளியை நாடி வரும் சிறுமீன், தானே இரையாகிவிடும். விளக்கைத் தேடிச் சென்று வீழும் விட்டிலின் கதைதான் அது.

இரண்டாவது பயன், மறைந்துகொள்ளுதல். ஒளியைக் கொண்டு ஒளிந்துகொள்ள முடியுமா என்று வியப்புத் தோன்றலாம். அந்தி உலகில் வாழும் கோடரி மீனை எண்ணிப் பாருங்கள். அதற்குக் கீழே பதுங்கியிருக்கும் பகைவன் மேல்நோக்கிப் பார்க்கும்போது, மேலிருந்து வரும் மங்கிய ஒளியின் பின்னணியில் அம்மீன் கரிய நிழலாகத் தெரியும். அந்த நிழல்தான் அதன் உயிருக்கு ஆபத்து. ஆகவே, கோடரி மீன் தன் வயிற்றுப் பகுதியிலுள்ள ஒளியுறுப்புகளை ஏற்றி, மேலிருந்து வரும் ஒளிக்கு ஈடாகத் தன் அடிப்பகுதியை ஒளிரச் செய்கிறது. நிழல் அழிந்துபோகிறது, மீனும் பின்னணியோடு கலந்துவிடுகிறது.

மூன்றாவது பயன், தற்காப்பு. மேல்மட்டத்தில் வாழும் கணவாய் ஆபத்து நேரும்போது கரிய மையைப் பீய்ச்சித் தப்பிக்கும். இருண்ட ஆழத்தில் கரிய மையால் என்ன பயன்? எனவே, ‘இரத்தக்காட்டேரிக் கணவாய்’ என்று பெயர்பெற்ற ஆழ்கடல் உயிரி, ஒளிரும் துகள்கள் நிறைந்த கூழை வெளியேற்றிப் பகைவனைத் திகைக்க வைத்து இருளில் நழுவுகிறது. சில ஆழ்கடல் இறால்கள் ஒளிரும் நீர்மத்தைப் பகைவனின் முகத்தை நோக்கி உமிழ்கின்றன.

அட்டோலா எனப்படும் ஜெல்லிமீனின் உத்தி இன்னும் நுட்பமானது. ஏதேனும் ஒரு மீன் அதைக் கடித்தால், அதன் உடலைச் சுற்றி நீல ஒளி வளையமாகச் சுழன்று சுழன்று மின்னும். திருடன் பிடித்தவுடன் கூச்சலிட்டு ஊரைக் கூட்டுவது போன்ற செயல் இது. அவ்வொளியைக் கண்டு இன்னும் பெரிய விலங்கொன்று அங்கு வந்து, கடித்த மீனைத் தாக்கக்கூடும். அந்தக் குழப்பத்தில் ஜெல்லிமீன் பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டாகிறது. இந்த ‘அபாய மணி’யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

நீலமே பொதுமொழியாக உள்ள உலகில், சிவப்பைப் பேசும் மீனும் உண்டு. மலக்கோஸ்டியஸ் என்னும் மீனின் கண்ணுக்குக் கீழே சிவப்பு ஒளி வீசும் உறுப்பு ஒன்று உள்ளது. மற்ற உயிர்களுள் பெரும்பாலானவற்றின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. இம்மீன் தன் இரையின்மீது விளக்கடித்துப் பார்த்தாலும், தன்மீது ஒளி விழுவதை அந்த இரை அறியாது.

விளக்குகள் பெருகிய ஊரில் மறைந்து வாழ்வதும் கலைதான். ஆழ்கடல் இறால்கள் பல சிவப்பாக இருப்பதற்குக் காரணம், நீல ஒளியில் சிவப்பு கறுப்பாகவே தெரியும் என்பதே. தம்மீது விழும் ஒளியில் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே எதிரொளிக்கும் ‘மிகைக் கறுப்பு’ மீன்களில் 16 இனங்களை ஆய்வாளர்கள் 2020-இல் அறிவித்தனர். பகைவனின் விளக்கு நேராக வீசினாலும் தெரியாத தோல் அவற்றுக்கு வாய்த்துள்ளது.

எஃகுக் கோளத்தின் சாளரம்

இவற்றையெல்லாம் இன்று நாம் எளிதாகப் படித்துவிடுகிறோம். ஆயினும், நெடுங்காலமாக ஆழ்கடல் உயிர்களைப் பற்றி அறிய வலை வீசுவது ஒன்றே வழியாக இருந்தது. நெடுந்தொலைவிலிருந்து மேலே இழுக்கப்பட்ட மீன்கள் கப்பல் தளத்தை அடையும்போது இறந்தோ சிதைந்தோ போயிருக்கும். மென்மையான ஜெல்லிமீன்கள் வெறும் கூழாகிவிடும். ஒளியுறுப்புகளைக் காண முடிந்ததே தவிர, அவை உயிரோடு ஒளிர்வதைக் காண முடியவில்லை.

அந்நிலையை மாற்ற முனைந்தவர்கள் அமெரிக்கர்களான வில்லியம் பீபியும் ஓட்டிஸ் பார்ட்டனும். பார்ட்டன் வடிவமைத்த எஃகுக் கோளத்தின் உள்விட்டம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. அதற்குள் இருவரும் உடலைக் குறுக்கி அமர்ந்துகொள்வர். கோளத்திற்கு இயந்திரம் கிடையாது. கப்பலிலிருந்து ஒரு கம்பிவடத்தில் தொங்கியபடியே அது கடலுக்குள் இறங்கும். வடம் அறுந்தால் மீட்க வழியில்லை. 1934 ஆகஸ்டு 15-ஆம் நாள், பெர்முடா தீவுக்கு அருகில் அவர்கள் 923 மீட்டர் ஆழத்தை எட்டினர். அதற்குமுன் எவரும் உயிரோடு அத்தகைய ஆழத்திற்குச் சென்று திரும்பியதில்லை.

தடித்த படிகச் சாளரத்தின் வழியே தாம் கண்டவற்றைப் பீபி தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மேலே கப்பலில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டனர். சிவப்பு மறைந்ததையும், நீலம் கருநீலமாகி இருண்டதையும், இருளில் ஒளிப்பொறிகள் தெறித்ததையும் அவர் விவரித்தார். விளக்கு வரிசைகளோடு நீந்திய மீன்கள் சிலவற்றுக்குப் புதிய பெயர்களையும் சூட்டினார்.

அங்குதான் சிக்கல் எழுந்தது. அம்மீன்களைப் பீபி பிடித்து வரவில்லை; படமும் எடுக்கவில்லை. அவர் கண்டதாகக் கூறிய மீன்கள் சில இன்றுவரை வேறு எவர் கண்ணிலும் படவில்லை. மீனியல் அறிஞர்கள் பலர் அவருடைய கூற்றை ஐயுற்றனர். அவர் பொய் சொன்னார் என்பதன்று இதன் பொருள். சிறு சாளரத்தின் வழியே, மங்கிய ஒளியில், ஓரிரு நொடிகள் கண்டதைக் கண் தவறாகப் புரிந்துகொண்டிருக்கவும் கூடும். ‘நான் கண்டேன்’ என்பது அறிவியலின் தொடக்கம். மற்றவரும் சரிபார்க்கக்கூடிய சான்றே அதன் நிறைவு. பீபியின் துணிவுக்கு இன்றும் மதிப்புண்டு. அவருடைய அனுபவம் உணர்த்திய பாடத்துக்கும் அதே மதிப்புண்டு.

விளக்கை அணைத்த ஆய்வாளர்

எடித் விடர் என்னும் அமெரிக்க அறிவியலாளர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு உள்ளானார். அதன் பின்விளைவாக அவருடைய கண்களில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, பார்வை மறைந்தது. பல மாதங்களுக்குப் பிறகே அது மெல்லத் திரும்பியது. ஒளியின் அருமை அப்போதுதான் தமக்கு விளங்கியது என்று பின்னாளில் அவர் எழுதியுள்ளார்.

1984-இல், கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கால்வாயில், உலோகத்தாலான ஆழ்கடல் உடையை அணிந்து அவர் ஏறத்தாழ 270 மீட்டர் ஆழத்திற்கு இறங்கினார். அங்கே தம் விளக்குகளை அணைத்தார். அடுத்த கணமே, நாற்புறமும் வாணவேடிக்கை நிகழ்வது போன்ற காட்சியைக் கண்டார். அவர் சற்று அசைந்தாலும் நீல ஒளி சிதறியது. அதன்பின் அவருடைய ஆய்வு வாழ்க்கை முழுவதும் அந்த ஒளியைச் சுற்றியே அமைந்தது.

அவரை ஒரு கேள்வி தொடர்ந்து உறுத்தியது. நீர்மூழ்கிகள் பெரும் இரைச்சலோடும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளோடும் ஆழ்கடலுக்குள் நுழைகின்றன. இருளிலேயே வாழ்ந்து பழகிய கண்களுக்கு அந்த வெள்ளொளி எப்படி இருக்கும்? நம்மைக் கண்டு அஞ்சி ஓடியவை எத்தனை? நாம் காணாமலேயே போனவை எத்தனை?

இதற்கு விடையாக அவர் தம் குழுவினருடன் ஒரு படக்கருவியை உருவாக்கினார். பெரும்பாலான ஆழ்கடல் உயிர்களுக்குச் சிவப்பு ஒளி தெரியாது என்பதை முன்னரே கண்டோம். அவருடைய கருவி அந்தச் சிவப்பு ஒளியில் படம் பிடித்தது. இயந்திர இரைச்சல் எதுவுமின்றிக் கடலடியில் அமைதியாகக் காத்திருந்தது. தூண்டிலாக மீனிறைச்சியை மட்டும் வைக்காமல், புதிய தூண்டில் ஒன்றையும் அவர் வடிவமைத்தார். அட்டோலா ஜெல்லிமீனின் அபாய மணி நினைவிருக்கிறதா? அதே போன்று நீல விளக்குகள் வளையமாகச் சுழன்று மின்னும் ‘மின்னணு ஜெல்லிமீன்’தான் அது.

2004-இல் மெக்சிகோ வளைகுடாவில் அந்தச் செயற்கை ஜெல்லிமீனை முதன்முதலாக மின்னச் செய்தபோது, 86 நொடிகளில் ஒரு பெரிய கணவாய் படக்கருவியின் முன் பாய்ந்தது. அதன் நீளம் 1.8 மீட்டருக்கும் மேல். அறிவியல் அதுவரை அறிந்திருந்த எந்தக் கணவாய்க் குடும்பத்திலும் அதைச் சேர்க்க இயலவில்லை.

2012-இல் ஜப்பானின் ஒகசாவரா தீவுகளுக்கு அருகில், ஜப்பானிய அறிஞர் சுனேமி குபொதேரா முதலியோருடன் விடர் ஓர் ஆய்வுப் பயணத்தில் கலந்துகொண்டார். இம்முறை அவர்கள் தேடியது இராட்சதக் கணவாய். கடலோடிகளின் கதைகளில் நூற்றாண்டுகளாக இடம்பெற்ற அவ்விலங்கு, இறந்து கரையொதுங்கியபோதுதான் பெரும்பாலும் மனிதர் பார்வைக்குக் கிடைத்தது. எத்தனையோ பெருஞ்செலவுப் பயணங்கள் அதை ஆழ்கடலில் காணொளியாக்க முயன்று தோற்றிருந்தன. விடரின் அமைதியான படக்கருவியும் மின்னணு ஜெல்லிமீனும் கடலுக்குள் இறக்கப்பட்டன. இராட்சதக் கணவாய் வந்தது. அதன் இயல்பான வாழிடத்தில் அவ்விலங்கு முதன்முறையாகக் காணொளியில் பதிவானது. அதே உத்தி 2019-இல் மெக்சிகோ வளைகுடாவிலும் பலித்தது.

இராட்சதக் கணவாயின் கண் 25 சென்டிமீட்டருக்கும் மேல் விட்டமுடையது. உணவுத் தட்டின் அளவு! அவ்வளவு பெரிய கண் இருளில் எதற்கு? அதன் பகைவனான எண்ணெய்த் திமிங்கிலம் நீந்தி வரும்போது, வழியிலுள்ள சிற்றுயிர்கள் கலைந்து ஒளிரும். அந்த மங்கிய ஒளியைத் தொலைவிலேயே கண்டு தப்பத்தான் அக்கண் பெரிதாயிற்று என்று சில ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

ஒரு ஜெல்லிமீன் தந்த கொடை

ஒளிரும் உயிர்களை ஆராய்வதால் மனிதருக்கு என்ன நன்மை? இக்கேள்விக்கு ஜப்பானிய வேதியியலாளர் ஒசாமு ஷிமோமுராவின் வாழ்க்கை விடையளிக்கிறது.

1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகி நகரின்மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, அருகிலுள்ள இசஹாயாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிமோமுரா பணியில் ஈடுபடுத்தப்பட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 16. நம் நாட்டில் நான்காம் படிவ மாணவர் ஒருவரின் வயது. குண்டு வெடித்த கணத்தில் பாய்ந்த ஒளி அவர் பார்வையைச் சிறிது நேரம் பறித்தது. வீடு திரும்பும் வழியில் கரிய மழையில் நனைந்தார். ஒளியின் கொடிய முகத்தை அவ்வாறு கண்ட சிறுவர், தம் வாழ்நாளை ஒளியின் இனிய முகத்தை ஆராய்வதில் கழித்தார்.

1961-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பிரைடே ஹார்பர் என்னும் இடத்தில் அவர் தம் ஆய்வைத் தொடங்கினார். அங்குக் கரையோர நீரில் திரளாக மிதந்து வந்த அக்குவோரியா என்னும் ஜெல்லிமீனின் ஒளிப்பொருளைப் பிரித்தெடுப்பதே அவர் நோக்கம். இது மேல்நீரில் வாழும் உயிரி. எனினும், அது பயன்படுத்தும் சீலென்டரசின் என்னும் பொருளையே ஆழ்கடல் உயிர்கள் பலவும் பயன்படுத்துகின்றன என்பது பின்னர்த் தெரியவந்தது.

லூசிபெரினும் லூசிபெரேசும் இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் செய்த முயற்சிகள் யாவும் தோற்றன. சிறு படகொன்றில் ஏறி, கடலில் மிதந்தபடி நாள்கணக்கில் சிந்தித்தார். அமிலத்தன்மையை மாற்றினால் ஒளிவினையைத் தற்காலிகமாக நிறுத்த முடியுமோ என்ற எண்ணம் பிறந்தது. முயன்று பார்த்தார், ஒளி நின்றது. அமிலத்தன்மையைச் சமன்செய்தபோது மெல்லிய ஒளி மீண்டும் தோன்றியது. ஆய்வு முடிந்து அக்கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றினார். உடனே தொட்டிக்குள் பளீரென்று நீல ஒளி பரவியது. மீன்தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அத்தொட்டிக்குள் கலந்துகொண்டிருந்ததே காரணம். கடல்நீரிலுள்ள கால்சியமே அவ்வொளியைத் தூண்டுகிறது என்பதை அவர் உணர்ந்தார். எதிர்பாராமல் நடந்ததை அலட்சியப்படுத்தாமல், ஏன் என்று கேட்ட மனமே அங்கு வென்றது.

அக்கோடையில் ஏறத்தாழ 10,000 ஜெல்லிமீன்களிலிருந்து அவர் பெற்ற தூய ஒளிப்புரதம் வெறும் 5 மில்லிகிராம். அதனுடன் மற்றொரு புரதமும் சிறிதளவு கிடைத்தது. அது தானாக ஒளிர்வதில்லை. நீல ஒளியையோ புறஊதாக் கதிரையோ பெற்றுப் பச்சை ஒளியாக வெளியிடும். அதுவே இன்று ‘பச்சை ஒளிர் புரதம்’ எனப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் நீலமாக ஒளிரும் பொருள், உயிருள்ள ஜெல்லிமீனில் பச்சையாகத் தெரிவதன் காரணமும் அதனால் விளங்கியது.

பின்வந்த ஆண்டுகளில் ஷிமோமுரா தம் மனைவி மக்களோடு பல கோடைகளில் அங்குச் சென்றார். குடும்பமே கைவலையோடு நின்று ஜெல்லிமீன்களை அள்ளியது. இவ்வாறு அவர் சேகரித்தவை ஏறத்தாழ 850,000. அப்போது இவ்வாய்வினால் உடனடிப் பயன் எதையும் எவரும் சுட்டிக்காட்டியிருக்க முடியாது. பல ஆண்டுகள் கழித்து, 1992-இல் டக்ளஸ் பிராஷர் அப்புரதத்திற்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்தார். 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அதைப் பாக்டீரியாவிலும் நுண்புழுவிலும் செலுத்தி ஒளிரச் செய்தார். ரோஜர் சியன் பல வண்ணங்களில் ஒளிரும் வகைகளை உருவாக்கினார். இன்று ஒரு நரம்பணு வளர்வதையும், புற்றணு உடலில் பரவுவதையும், நோய்க்கிருமி அணுவுக்குள் நுழைவதையும் ஆய்வாளர்கள் கண்கூடாகப் பின்தொடர இப்புரதம் உதவுகிறது. ஷிமோமுரா, சால்ஃபி, சியன் ஆகிய மூவரும் 2008-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இக்கதைக்கு ஒரு பிற்சேர்க்கையும் உண்டு. அள்ள அள்ளக் குறையாதிருந்த அந்த ஜெல்லிமீன்கள், பின்னாளில் பிரைடே ஹார்பர் பகுதியில் வெகுவாகக் குறைந்துபோயின. ஷிமோமுரா அங்குச் செல்வது சில பத்தாண்டுகள் தாமதமாகியிருந்தால், அவருக்குப் போதிய ஜெல்லிமீன்கள் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

அணைந்துவிடக் கூடாத விளக்குகள்

இன்று ஆழ்கடலை நோக்கி மனிதரின் கைகள் நீள்கின்றன. பசிபிக் கடலடியில் 4,000 மீட்டருக்கும் கீழே கிடக்கும் உலோக முடிச்சுகளை அள்ளியெடுக்கும் திட்டங்கள் பேசப்படுகின்றன. மின்கலங்களுக்குத் தேவையான நிக்கல், கோபால்ட் முதலிய உலோகங்கள் அவற்றில் உள்ளன. இத்தேவையை எளிதில் புறக்கணிக்க இயலாது. ஆனால், அகழும்போது கிளம்பும் சேறும், கப்பலிலிருந்து மீண்டும் கடலில் விடப்படும் கலங்கல் நீரும் நெடுந்தொலைவு பரவக்கூடும் என்று கடலியலாளர்கள் எச்சரிக்கின்றனர். தெளிந்த நீரில் மட்டுமே மெல்லிய நீல ஒளி செல்லும். நீர் கலங்கினால் துணையை அழைக்கும் ஒளியும், இரையைக் கவரும் ஒளியும், ஆபத்தை அறிவிக்கும் ஒளியும் எட்ட வேண்டிய கண்களை எட்டா. புகைமூட்டம் சூழ்ந்த நாளில் நமக்கு எதிரிலுள்ள கட்டடமும் மறைந்துபோவதை நாம் அனுபவித்திருக்கிறோம் அல்லவா? அந்நிலை அவ்வுயிர்களுக்கு நாள்தோறும் நேரலாம்.

எந்த உயிரிடம் எந்த மருந்துக்கான வழி உள்ளது, எந்த அறிவுக்கான திறவுகோல் உள்ளது என்பதை முன்கூட்டியே சொல்ல எவராலும் இயலாது. அக்குவோரியா ஜெல்லிமீனைப் பார்த்து, ‘இதனால் என்ன பயன்?’ என்று 1961-இல் யாரேனும் கேட்டிருந்தால், சரியான விடை அப்போது எவரிடமும் இருந்திருக்காது. விடை தெரியவில்லை என்பதற்காக அதைக் கைவிடாததால்தான் இன்று மருத்துவ ஆய்வுக்கூடங்களில் அந்தப் பச்சை ஒளி எரிகிறது.

கம்போங் குவாந்தானின் படகுப் பயணத்தில் நம்மிடம் கேட்கப்படுவது சிறு அடக்கம்தான். விளக்கை அணைக்க வேண்டும். சற்று நேரம் காத்திருக்க வேண்டும். ஆழ்கடலும் நம்மிடம் அதையே கேட்கிறது. எடுப்பதற்கு முன் அறிந்துகொள்ளவும், அறிந்துகொள்வதற்கு முன் அமைதியாகக் கவனிக்கவும் நாம் பழகினால், அந்த விளக்குகள் நம் பின்தோன்றல்களின் காலத்திலும் எரிந்துகொண்டிருக்கும்.